சைக்கிளின் பெயரால் ஒரு நெடுஞ்சாலை

கேரளத்தின் கடலோர நெடுஞ்சாலை குறித்து ஐயம் எழுப்பினால், பல்கலைக்கழக வட்டாரங்களில் ஒரு மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது: “அதில் சைக்கிளுக்குத் தனித்தடம் உண்டே!” சூழலியல் பேசும் நண்பர்கள், நகர்ப்புறத் திட்டமிடல் பயிலும் மாணவர்கள், ஞாயிறுதோறும் கூட்டமாக மிதிக்கும் பேராசிரியர்கள் என எல்லோரும் இந்த ஒரு வரியில் அமைதியடைந்துவிடுகிறார்கள். அந்த அமைதியைக் கலைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறியாதவர்களுக்காக முதலில் சில தரவுகள். திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடைக்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் பொழியூரில் தொடங்கி, காசர்கோடு மாவட்டத்தின் குஞ்சத்தூரில் முடிவதாக இச்சாலை வகுக்கப்பட்டிருக்கிறது. நீளம் ஏறத்தாழ 623 கிலோமீட்டர். ஒன்பது மாவட்டங்களைத் தொடுகிறது. அகலம் 14 மீட்டர். சைக்கிள் தடமும் நடைபாதையும் அதற்குள் அடங்கும். செலவு ஏறத்தாழ 6,500 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. நிதி கிஃப்பி வழியாக வரும். வழியெங்கும் சுற்றுலா மையங்கள், உணவகங்கள், மின்வண்டிகளுக்கான மின்னேற்ற நிலையங்கள். மேடு பள்ளமில்லாத சமதளம், ஒருபுறம் கடல், மறுபுறம் தென்னையும் காயலும். பயிற்சி இல்லாதவரும் எளிதாக மிதித்துச் செல்லக்கூடிய எழில்மிகு கடற்கரைப் பாதை. சுற்றுலா மொழி இப்படித்தான் பேசும். நம்மவர்களின் கருத்தரங்கக் கட்டுரைகளும் இப்போது அதே மொழியில் பேசத் தொடங்கியிருப்பதுதான் என் கவலை.

நான் சைக்கிளுக்கு எதிரி அல்லேன். புகையில்லாத, ஓசையில்லாத, ஏழைக்கும் எட்டக்கூடிய வண்டி அது. அந்த நற்பெயரை நெடுஞ்சாலை இரவல் வாங்கிக்கொள்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. 14 மீட்டர் அகலச் சாலையில் பேருந்தும் காரும் சரக்கு வண்டியும் ஓடப்போகின்றன. ஆனால் விளம்பரப் படத்தில் தலைக்கவசம் அணிந்த ஓர் இளம் இணை சைக்கிளில் போகிறது. நிலம் எடுப்பதற்கு எதிராகப் பேசுபவரைச் சூழலுக்கு எதிராகப் பேசுபவராக மாற்றிக் காட்ட அந்த ஒரு படம் போதும். சைக்கிள் இங்கே ஒரு நன்னடத்தைச் சான்றிதழ்.

சைக்கிளின் வரலாறு நம் மண்ணில் வேறு வகையாக எழுதப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் மிதிக்கத் தொடங்கினார்கள். சந்தைக்குப் போக, வேலைக்குப் போக, தண்ணீர் கொண்டுவர, ஓர் ஆணின் வசதிக்காகக் காத்திராமல் வீட்டைவிட்டு வெளியே வர அது பயன்பட்டது. பி. சாய்நாத் அதைப் பதிவுசெய்தார். பின்னர் தமிழ்நாடு அரசு 2001-இல் பதினோராம் வகுப்பு பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-ஐ ஒட்டி அதைப் பிற மாணவ மாணவியருக்கும் விரித்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக லட்சக்கணக்கான பிள்ளைகள் அந்த வண்டிகளில் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்காக ஒரு கிலோமீட்டர் தனித்தடம் எந்த ஊரிலாவது போடப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். தேவைக்காக மிதிப்பவர்களுக்கு மாநில நெடுஞ்சாலையின் ஓரமும் சரக்கு லாரியின் காற்றும். பொழுதுபோக்காக மிதிப்பவருக்குக் கடல் தெரியும் தனித்தடம். இந்த வரிசைமுறையைக் கேள்வி கேட்காத சைக்கிள் ஆர்வத்தை நான் சூழலியல் என்று ஏற்க மாட்டேன்.

இனிப் பொழியூருக்கு வருவோம். பொழி என்றால் ஆறோ காயலோ மணல் திட்டை உடைத்துக் கடலில் விழும் வாய். நெய்யாறு கடலைச் சேரும் பூவாறுப் பொழியின் தெற்கே நீளும் மணற்கரையில் இந்த ஊர் இருக்கிறது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் காயலும் பழைய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் மெல்லிய நிலத்தில் வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கி நிற்கின்றன. பெரும்பாலும் மீனவர்கள், கத்தோலிக்கர்கள். பேச்சில் தமிழும் மலையாளமும் எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி கலந்திருக்கும். கால்பந்தில் சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தந்த ஊர் என்பதால் கேரளத்தில் இதன் பெயரைப் பலரும் அறிவார்கள். அந்தப் பிள்ளைகள் ஆடிப் பழகியது கடற்கரை மணலில்.

இத்தகைய ஊரில் சாலை என்பது என்ன? நம் திட்டமிடல் நூல்களில் சாலை என்றால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும் வழி. கடப்புறத்தில் அது போகும் வழி மட்டுமன்று. வலை விரித்துக் காய வைக்கும் தரை அது. கிழிந்த வலையைப் பின்னும் இடம். கருவாடு காயும் களம். மணல் குறுகிப்போன கடற்கரையில் வள்ளத்தை ஏற்றி நிறுத்த மிஞ்சியிருக்கும் மேடு. விடியலில் மீன் ஏலம் கூவும் சந்தை. பெண்கள் சருவத்தைத் தலையில் ஏற்றும் முன் ஐஸ் போட்டு மீனை அடுக்கும் திண்ணை. மாலையில் கிழவர்கள் கடலின் நிறத்தைப் பார்த்து மறுநாளைப் பற்றி வழக்காடும் மன்றம். அகலமான கடற்கரை இருந்த காலத்தில் இவையெல்லாம் மணலில் நடந்தன. மணல் போகப் போக, வேலை சாலைக்கு ஏறியது.

இப்போது அந்தச் சாலையை 14 மீட்டராக்கி, ஓரத்தில் வண்ணம் பூசிய சைக்கிள் தடம் போடுங்கள். அதன்மேல் வலை காயும். அப்போது யார் யாருக்குத் தடை? முதல் மாதம் புன்னகை, இரண்டாம் மாதம் அறிவிப்புப் பலகை, மூன்றாம் மாதம் காவல்துறை. வலை காயவைத்தவர் ஆக்கிரமிப்பாளர் ஆவார்.

இது கற்பனை என்று நினைப்பவர்கள் சென்னைக்குப் போகலாம். மெரினாவின் தென்கோடியில், நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலை மீனவர் குடியிருப்பையும் கடலையும் பிரித்துக்கொண்டு போகிறது. சாலைக்கு முன்பே அங்கே குப்பம் இருந்தது. கடலிலிருந்து வந்த மீன் கரையிலேயே விற்கப்பட்டது. சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலுக்கு மாற்றுவழியாக அந்த உட்சாலை பயன்படத் தொடங்கியதும், மீன் விற்கும் பெண்கள் போக்குவரத்துக்கு இடையூறானார்கள். 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் சாலையில் படகுகளையும் வலைகளையும் போட்டுப் போராடினார்கள். 2024-இல் நவீன மீன் அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. கூரையும் தண்ணீரும் வந்ததை நான் குறைசொல்லவில்லை. தங்கள் கரையில் விற்றுக்கொண்டிருந்தவர்கள் ஒரு கட்டடத்தில் ஒதுக்கீடு பெறுபவர்களாக மாறியதையே சுட்டுகிறேன். உரிமை சலுகையானது. இடையில் நிகழ்ந்தது ஒரு சாலையின் வருகை மட்டுமே. அங்கே நடந்தது சில நூறு மீட்டர் தூரத்தில். இங்கே திட்டம் 623 கிலோமீட்டர்.

சாலையில் யார் இருக்கலாம் என்ற கேள்வி நெய்யாற்றின்கரைக்குப் புதிதன்று. பொழியூரிலிருந்து வடக்கே, விழிஞ்ஞத்தை ஒட்டிய வெங்ஙானூரில்தான் அய்யன்காளி பிறந்தார். 1893-இல் அவர் வில்லுவண்டியில் ஏறிப் பொதுவழியில் போனது பயணமாக அன்று. வழி யாருடையது என்ற வழக்காக. அதே கடற்கரையில் இன்று மீன்காரப் பெண்ணின் நிலை என்ன? நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்ட அனுபவம் இல்லாத மீன்காரிகளைக் கண்டுபிடிப்பது கடினம். 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் வயதான மீன்காரப் பெண்ணொருவர் அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டபோது அவர் குமுறியதை நாடே காணொளியில் பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார்; ஊழியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கேரள அரசு மீன்காரப் பெண்களுக்காக ‘சமுத்திரா’ என்ற இலவசப் பேருந்துச் சேவையைத் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. நல்ல செயல், பாராட்ட வேண்டியதே. தொடங்கியபோது ஓடிய பேருந்துகள் மூன்று. அந்த மூன்றையும் 623 கிலோமீட்டரையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். கடலோரப் பெண்ணின் போக்குவரத்துத் தேவையை ஒரு நலத்திட்டமாகவும், கடலோரத்தைப் பார்க்க வருபவரின் போக்குவரத்துத் தேவையை உள்கட்டமைப்பாகவும் வகைப்படுத்துகிறோம். இந்த வகைப்பாடு எந்தப் பாடநூலிலிருந்து வந்தது?

நிலத்துக்கு வருகிறேன், பதிவின் மையம் இதுதான். கேரள அரசின் ‘புனர்கேகம்’ திட்டம், கடல் ஏற்றக்கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் மீனவக் குடும்பங்களை வேறிடத்தில் குடியமர்த்துவதற்கானது. மதிப்பீடு 2,450 கோடி ரூபாய். கணக்கெடுக்கப்பட்ட குடும்பங்கள் 18,685. ஒரு குடும்பத்துக்கு நிலத்துக்கும் வீட்டுக்குமாகச் சேர்த்து 10 லட்சம். அரசின் நியாயம் தெளிவானது: இந்த 50 மீட்டர் மனிதர் வாழத் தகுந்ததன்று, கடல் வருகிறது, விலகுங்கள். அறிவியலைக் காட்டித்தான் இதைச் சொல்கிறார்கள். தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கேரளக் கடற்கரையில் 45 விழுக்காடும் தமிழ்நாட்டுக் கடற்கரையில் 41 விழுக்காடும் அரிப்புக்குள்ளாகியிருப்பதாக அறிவித்தது.

சரி. அதே அரசின் நெடுஞ்சாலைத் திட்டம் அதே கடலோரத்தைப் பார்த்து என்ன சொல்கிறது? சாலை போடலாம், சைக்கிள் தடம் போடலாம், சுற்றுலா மையம் கட்டலாம். நெடுஞ்சாலை எல்லா இடத்திலும் அந்த 50 மீட்டருக்குள் செல்லவில்லை, பல பகுதிகளில் உள்ளே விலகிச் செல்கிறது என்பதை அறிவேன். ஆனால் பொழியூர் போன்ற மெல்லிய மணற்கரையில் உள்ளே என்று ஒன்று இல்லை. ஒரே மணல் மீனவருக்கு ஆபத்துப் பகுதி, மிதிப்பவருக்கு எழில் பகுதி. வீடு விழுந்துவிடும் என்று எச்சரிக்கும் பொறியியல், கருங்கல் அடுக்கிச் சாலையைக் காப்பாற்றிவிடலாம் என்று உறுதியளிக்கிறது. சாலையைக் காக்க முடியுமென்றால் வீட்டை ஏன் காக்க முடியாது? வீட்டைக் காக்க முடியாதென்றால் சாலையை எதை நம்பிப் போடுகிறீர்கள்?

நெடுஞ்சாலைக்காக வீடிழந்து மறுகுடியமர்வோருக்கு 600 சதுர அடி அடுக்ககக் குடியிருப்பு அல்லது ஒருமுறைத் தொகையாக 13 லட்சம் என்று அறிவிக்கப்பட்டது. கவனியுங்கள்: இரண்டு திட்டங்களும் வெளியேறுவதற்கே பணம் தருகின்றன. இருப்பதற்குப் பணம் தரும் திட்டம் இல்லை. கணக்கையும் போட்டுப் பார்ப்போம். இப்போதுள்ள ஊர்ச்சாலை 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 14 மீட்டராக்க இன்னும் 8 மீட்டர் வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 8,000 சதுர மீட்டர். ஏறத்தாழ 198 சென்ட். மூன்று சென்ட் மனையில் ஒரு வீடு என்ற கணக்கில் 66 வீட்டு மனைகள். கடற்கரையில் மூன்று சென்ட் வைத்திருப்பவர் வசதியானவர் என்பதையும் நினைவில் கொள்க. ஒரு கிலோமீட்டருக்கு 66 மனை என்பது எந்தச் சாலைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலும் வர வேண்டிய எண். கருத்தரங்குகளில் நான் கேட்டதெல்லாம் சேமிக்கப்படும் கரியுமிழ்வு பற்றித்தான்.

மீனவரைக் கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே அடுக்கு மாடியில் குடிவைப்பதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. நூலகத்தை ஐந்து கிலோமீட்டர் தள்ளி வைத்தாலே ஆய்வு நின்றுபோகும் நமக்கு, வள்ளத்தையும் எஞ்சினையும் வலையையும் இரவில் யார் காவல் காப்பார் என்ற கேள்வி தோன்ற வேண்டும். கரமடி இழுக்க விடியலில் எத்தனை கை கூடும் என்பது, கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் எத்தனை வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கரமடிக்கு அகலமான மணல் வேண்டும். கடலுக்கும் சாலைக்கும் நடுவே கல்சுவர் எழுந்தால் அந்தத் தொழில் அன்றோடு முடியும். காட்சிக்காகச் சுற்றுலா மையத்தில் ஒரு பழைய வள்ளத்தை வைப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இனி எல்லை. கேரளத்தின் நெடுஞ்சாலை பொழியூரில் ‘தொடங்குகிறது’ என்கிறோம். கடற்கரை அங்கே தொடங்கவில்லை. தெற்கே அடுத்த ஊர் நீரோடி. அதன் பிறகு மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று ஒரே மணல், ஒரே தொழில், பெரும்பாலும் உறவினர்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கொல்லங்கோடு என்ற பெயர் இன்றும் எல்லையின் இருபுறத்திலும் இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர் வட்டாரமும் திருவனந்தபுரம் கடற்கரையும் ஒரே வாரத்தில் பிணங்களை எதிர்பார்த்துக் கரையில் நின்றன. கடலுக்கு வட்ட எல்லை தெரியாது.

மணலுக்கும் தெரியாது. அலைகள் கரையைச் சாய்வாக அடிக்கும்போது மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. கடலுக்குள் கல் நீட்டினால், மணல் வரும் பக்கத்தில் குவியும். மறுபக்கம் பட்டினி கிடந்து அரிக்கப்படும். தமிழ்நாட்டில் இந்தக் கல் நீட்டலுக்குத் தூண்டில் வளைவு என்று பெயர், கேரளத்தில் புலிமுட்டு. இரண்டு பெயர், ஒரே வினை. நீரோடிப் பக்கம் தூண்டில் வளைவுகள் வந்த பிறகே எங்கள் வீடுகள் விழத் தொடங்கின என்பது பொழியூர் மக்களின் நெடுநாள் முறையீடு. அவர்கள் கேட்பது தங்கள் பக்கமும் புலிமுட்டு. அது வந்தால் வடக்கே அடுத்த ஊரின் முறை. வடக்கே விழிஞ்ஞத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீள அலைதாங்கியோடு பன்னாட்டுத் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் விளைவு குறித்து மீனவர்களும் அரசும் 2022-இல் மோதிக்கொண்டதை அறிவீர்கள். இவ்வாறு துண்டு துண்டாகக் கல் போடப்பட்ட கரையில், பொழியூரையும் நீரோடியையும் இணைத்த கடலோரச் சாலை கடலரிப்பால் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. இரண்டு மாநிலங்களும் தத்தம் எல்லையோடு கண்ணை மூடிக்கொண்டன. நடந்து போனால் சில நிமிடம். வண்டியில் சுற்றிப் போனால் அது வேறு பயணம். 623 கிலோமீட்டரைக் கனவு காணும் திட்டத்தின் சுழியத்தில் இப்படி ஓர் உடைந்த தொடர்பு. நீரோடியில் விலையில்லா சைக்கிள் பெற்ற பதினோராம் வகுப்பு மாணவி பொழியூரில் இருக்கும் அத்தை வீட்டுக்கு மிதித்துப் போவதற்கான வழியை முதலில் அமைப்பதுதான் சைக்கிள் பற்று என்பேன்.

இந்தக் கரையில் நீண்ட கோடு ஒன்று முன்பும் இழுக்கப்பட்டது. 1860-இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் ஒரு தெய்வம், ஒரு பேரரசி, ஓர் அரசர் ஆகிய மூவர் பெயரையும் சுமந்தது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைப்பது நோக்கம். குளச்சல், மண்டைக்காடு பகுதிகளைத் தாண்டி அது நிறைவேறவில்லை. இன்று பொழியூருக்குத் தெற்கே பல இடங்களில் அது மண்ணும் குப்பையும் மூடிய பள்ளம். அண்மைக்காலச் சான்று வேண்டுமென்றால் தலைநகரின் சங்குமுகத்தைப் பாருங்கள். மாலையில் மிதிக்க அதைவிட எளிய, அழகிய கடற்கரைச் சாலை திருவனந்தபுரத்தில் இருந்ததில்லை. 2021 மேயில் டவ்தே புயலின்போது அது முற்றாகச் சிதைந்தது. நிலத்துக்குள் கான்கிரீட் சுவர் இறக்கி, மறு ஆண்டுதான் திறக்க முடிந்தது. விமான நிலையம் அருகில் இருந்ததால் அந்தச் சாலைக்கு அந்தச் சுவர் கிடைத்தது. பொழியூருக்கு எந்த விமான நிலையம் இருக்கிறது?

சிங்கப்பூரை எடுத்துக்காட்டுபவர்கள் வரிசையில் நிற்பார்கள். வெப்பமண்டலத் தீவு, சமதளம், கடலோரம், சைக்கிள். தீவைச் சுற்றி 150 கிலோமீட்டர் வழித்தடம் ஒன்றும் அங்கே உருவாகிவருகிறது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வாடகைச் சைக்கிள் ஓட்டாத தமிழ்ச் சுற்றுலாக்காரர் இருக்க முடியாது. அந்தப் பூங்கா நிற்கும் நிலம் 1966-இல் தொடங்கிய நிலமீட்புப் பணியில் கடலைத் தூர்த்து எடுக்கப்பட்டது. சிக்லாப் போன்ற மீனவக் கம்பங்கள் பழைய கரையில் இருந்தன. கரை தள்ளிப்போனது, கம்பம் இல்லாமல் போனது. அவர்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது என்பதையும் மறுக்கவில்லை. 2023 நவம்பரில், உயரும் கடலிலிருந்து அதே கிழக்குக் கரையைக் காக்க இன்னும் ஏறத்தாழ 800 ஹெக்டேரைக் கடலிலிருந்து மீட்கும் ‘லாங் ஐலண்ட்’ திட்டத்தை அந்நாடு அறிவித்தது. எளிய சைக்கிள் பாதை எவ்வளவு விலையுயர்ந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கான பணமும் அவர்களிடம் இருக்கிறது. கிஃப்பியின் கடனில் பொழியூர்க் கரையைச் சிங்கப்பூராக்கப் போகிறவர்கள் 50 ஆண்டுப் பராமரிப்புக் கணக்கையும் சேர்த்துக் காட்டட்டும்.

தமிழ்த் துறை நண்பர்களையும் விட்டுவிடுவதாயில்லை. கடற்கரை என்றதும் நெய்தல் திணையை அழைத்துவந்து, எழில், மாலை, புன்னை என்று எழுதுகிறோம். சுற்றுலாத் துறையின் குறும்படத்துக்கு வசனம் எழுதிக் கொடுத்தவர்களும் நம்மில் உண்டு. தொல்காப்பியர் கருப்பொருளை வகுக்கும்போது உணவையும் பறவையையும் மரத்தையும் சொல்லி, அதே வரிசையில் தொழிலையும் வைத்தார். தொழில் நீங்கிய நிலத்தைத் திணை என்று சொல்ல நம் இலக்கணத்தில் இடமில்லை. உப்பு விளைப்பவரும் மீன் உணக்குபவரும் இல்லாத நெய்தல் ஒரு பின்புலத் திரை மட்டுமே. உரிப்பொருள் இரங்கல் என்பதை மட்டும் சுற்றுலாத் துறை மிகச் சரியாகப் பின்பற்றப்போகிறது.

அப்படியானால் சைக்கிள் தடமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். விழிஞ்ஞம் முதல் தேங்காய்ப்பட்டணம் வரை, மாநில எல்லையைப் பாராமல், இந்தக் கரையின் மணல் வரவுசெலவை இரு மாநிலங்களும் ஒன்றாக ஆய்ந்து வெளியிட்ட பிறகு வேண்டும். நிலம் எடுக்கும் அறிவிக்கைக்கு முன்பே, ஒவ்வொரு கடப்புறத்திலும் சாலையின் மீது நடக்கும் தொழில்களை நேரவாரியாகப் பதிவுசெய்து, வலை காயும் இடமும் ஏலம் நடக்கும் இடமும் வடிவமைப்பின் பகுதியாக, உரிமையாக, எழுத்தில் இடம்பெற வேண்டும். விடியல் முதல் ஒன்பது மணி வரை தடம் மீனுக்கு, பிறகு மிதிப்பவருக்கு. சுற்றுலாக்காரர் இறங்கி உருட்டிக்கொண்டு போகட்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை. நீரோடியோடு இணையாத தடத்துக்குப் பொழியூரில் அடிக்கல் நாட்டக் கூடாது. போகமாட்டேன் என்று சொல்லும் குடும்பத்துக்கு, போவதற்குத் தரும் அதே தொகையை வீட்டை உயர்த்திக் கட்டவோ உறுதிப்படுத்தவோ கொடுக்கும் வழி இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் புரட்சிகரமானதன்று. ஒரு பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேசி முடிக்கக்கூடியவை.

போக்குவரத்துப் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் எல்லா வண்டியும் கார் அலகாக மாற்றப்படுகிறது. சைக்கிளே காரின் ஒரு பின்னமாகத்தான் நுழைகிறது. சருவம் சுமந்து நடக்கும் பெண் பாதசாரிக் கட்டத்தில் அடங்கக்கூடும், யாராவது அந்தக் கட்டத்தை நிரப்பினால். சாலை நடுவே குந்தி வலை பின்னுபவருக்குக் கட்டமே இல்லை, அவர் நகரவில்லை. அடுத்த களப்பணிக்குப் பொழியூர் வரும்போது பகல் பத்து மணிக்கு வந்து இறங்காதீர்கள். ஏலம் நடக்கும் விடியல் நேரத்தில் வந்து படிவத்தை நிரப்புங்கள். எந்தக் கட்டத்திலும் பொருந்தாதவர்களின் எண்ணிக்கையைத் தனித்தாளில் எழுதி, அதையும் அறிக்கையோடு இணைத்துக் கொடுங்கள்.